பக்கவாதத்துக்குப் பிறகு சமநிலையும் நடையும்: வீட்டில் செய்யும் பயிற்சிகள், படிப்படியாக

பக்கவாதம் வந்தவரை எழுப்பி நிறுத்தினால், அவர் அறியாமலேயே உடல் எடை நல்ல காலுக்குப் போய்விடும். விழாமல் இருக்க உடல் தேடிக்கொள்ளும் வழி அது. அப்படியே விட்டால் சில வாரங்களில் அது பழக்கமாக ஊறிவிடும். நாற்காலியிலிருந்து எழும்போது நல்ல கால் மட்டும் உந்தும், நல்ல கை எதையாவது பிடித்து இழுக்கும், வலுவிழந்த கால் சும்மா தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். மூளையில் சேதமான பகுதியின் வேலையில் ஒரு பங்கை மற்ற பகுதிகள் கற்றுக்கொண்டு செய்ய முடியும். ஆனால் அந்தக் காலுக்குத் திரும்பத் திரும்ப வேலை கொடுத்தால்தான் அந்தக் கற்றல் நடக்கும். அதனால் கீழே வரும் எந்தப் பயிற்சியைச் செய்தாலும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: வலுவிழந்த கால் பாரம் ஏற்கிறதா?

இது மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவருக்கும் அவருடன் இருந்து உதவுபவருக்கும் எழுதியது. ஒவ்வொரு பயிற்சியையும் முதல் முறை பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் செய்து பாருங்கள். எந்த நிலையிலிருந்து தொடங்கலாம் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். இரண்டு பேருக்கு ஒரே பக்கம் பாதிக்கப்பட்டிருந்தாலும் தொடங்கும் இடம் ஒன்றாக இருக்காது.

தொடங்கும் முன்

"எவ்வளவு சீக்கிரம் நடக்க வைக்கிறோமோ அவ்வளவு நல்லது" என்று நினைத்து முதல் நாளே நோயாளியை மல்லுக்கட்டி எழுப்புகிறவர்கள் உண்டு. 5 நாடுகளில் 2104 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட அவெர்ட் என்ற ஆய்வு 2015-இல் வெளியானது. முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கி, அடிக்கடியும் அதிக நேரமும் எழுப்பி நிற்க வைக்கப்பட்டவர்கள், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட மூன்று மாத முடிவில் சற்றுப் பின்தங்கியே இருந்தார்கள். சீக்கிரம் தொடங்குவது நல்லதுதான். ஆனால் முதல் ஓரிரு நாளில் சிறு சிறு தவணையாக, மருத்துவக் குழு சொல்லும் அளவுக்குள் இருக்க வேண்டும்.

வீட்டில் ஒரு ரத்த அழுத்தக் கருவி தேவை. எந்த அளவைத் தாண்டினால் அன்று பயிற்சி வேண்டாம் என்ற எண்ணை மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். படுத்திருக்கும்போது ஒரு முறையும், எழுந்து நின்று ஒன்று முதல் மூன்று நிமிடத்துக்குள் இன்னொரு முறையும் பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், தலைசுற்றி விழ வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்டவர் படுக்கையிலிருந்து எழும்போது ஓரத்தில் இரண்டு மூன்று நிமிடம் உட்கார்ந்து, பாதங்களை மேலும் கீழும் இருபது முறை ஆட்டிவிட்டுத்தான் நிற்க வேண்டும். இறக்கத்தை மருத்துவரிடமும் சொல்லுங்கள். பல நேரம் மருந்தின் அளவை மாற்றினாலே சரியாகிவிடும்.

நாடித்துடிப்பை மட்டும் நம்ப வேண்டாம். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கப்படும் சில மாத்திரைகள் துடிப்பு ஏறவே விடாது. பயிற்சியின்போது முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கலாம். அதுதான் சரியான வேகம். மூச்சை அடக்கி முக்குவது ரத்த அழுத்தத்தைச் சட்டென ஏற்றிவிடும். எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லச் செய்தால் மூச்சு தானாகவே ஓடும்.

முகம் ஒருபக்கம் கோணுதல், பேச்சு குழறுதல், கை கால் புதிதாகத் தளர்தல், திடீர்ப் பார்வைக் குறைவு, இதுவரை இல்லாத கடும் தலைவலி, நெஞ்சுவலி: இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் பயிற்சியை நிறுத்தி உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் ரத்தக் கட்டியாக இருக்கலாம். அந்தக் காலைத் தேய்த்துவிடவோ எண்ணெய் போட்டு நீவவோ கூடாது. அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

இடமும் உதவுபவரும்

சக்கரம் இல்லாத, குழியாத இருக்கை கொண்ட நாற்காலி ஒன்று வேண்டும். இருக்கை தரையிலிருந்து சுமார் 45 செ.மீ. உயரம் இருக்கட்டும். பின்கால்களைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் வழுக்கிப் போகாது. பிடித்துக்கொள்ள இடுப்பு உயரத்தில் அசையாத மேடை வேண்டும். சமையல் மேடை இதற்குச் சரியாக இருக்கும். மேசை விரிப்பு, கதவுக் கைப்பிடி, துண்டு போடும் கம்பி எதுவும் உதவாது. தரை விரிப்புகளைச் சுருட்டி எடுத்துவிடுங்கள். காலில் குதிகாலை மூடிப் பிடிக்கும், அடிப்பகுதி வழுக்காத ஷூ இருக்கட்டும். தொளதொளவென்ற செருப்பும், வெறும் காலுறையோடு வழுவழுப்பான தரையில் நிற்பதும் ஆபத்து.

உதவுபவர் நிற்க வேண்டிய இடம் வலுவிழந்த பக்கம், அரை அடி பின்னால். நோயாளியின் இடுப்பில் அகலமான துணி பெல்ட் ஒன்றைக் கட்டி அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கையைப் பிடித்து இழுப்பதும் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும் கூடவே கூடாது. தோள்மூட்டை அதன் குழியில் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் தசைகள்தான். அவை தளர்ந்திருக்கும்போது ஒரு முறை இழுத்தாலும் மூட்டு கீழிறங்கி, மாதக்கணக்கில் தீராத தோள்வலியாக மாறலாம். அந்த வலி வந்துவிட்டால் தூக்கமும் போகும், பயிற்சியும் நின்றுவிடும். வீட்டுக்கு வருகிறவர்கள் அத்தனை பேருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

சிலருக்கு ஒரு பக்கம் இருப்பதே கவனத்தில் வராது. தட்டில் பாதியை மட்டும் சாப்பிடுவார்கள், அந்தப் பக்கத்துக் கதவு நிலையில் இடித்துக்கொள்வார்கள். இவர்களுக்குக் கை வலு நன்றாக இருந்தாலும் தனியாக நடக்க விடக் கூடாது. ஒவ்வொரு பயிற்சிக்கு முன்பும் "அந்தக் கால் எங்கே இருக்கிறது, பாருங்கள்" என்று சொல்லித் திரும்பிப் பார்க்க வையுங்கள்.

படுக்கையில்

இடுப்பைத் தூக்குதல்தான் இங்கே முக்கியம். மல்லாந்து படுத்து, இரண்டு முழங்கால்களையும் மடக்கி, பாதங்களை இடுப்பகலத்தில் படுக்கையில் ஊன்ற வேண்டும். குதிகால்களை அழுத்தி இடுப்பை உயர்த்தி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி, மெதுவாக இறக்க வேண்டும். 10 முறை, சற்று ஓய்வு, மீண்டும் 10 முறை. நடக்கும்போது ஒற்றைக் காலில் உடல் நிமிர்ந்து நிற்கப் பிட்டத் தசை வேண்டும். அதை முதலில் எழுப்புவது இந்தப் பயிற்சி.

வலுவிழந்த பாதம் வழுக்கி ஓடும், முழங்கால் வெளிப்பக்கம் சரியும். உதவுபவர் ஒரு கையால் பாதத்தை அழுத்திப் பிடித்து, மறு கையை முழங்காலின் மேல் வைத்துப் பாதத்தின் திசையில் லேசாக அமுக்கலாம். இடுப்பு கோணலாக எழுந்தால் நல்ல கால்தான் வேலை செய்கிறது என்று பொருள். அப்போது நல்ல பாதத்தை இடுப்பிலிருந்து இன்னும் ஒரு அடி தள்ளி வையுங்கள், வேலை தானாகவே மறு காலுக்குப் போகும். 20 முறை எளிதாகிவிட்டால் நல்ல காலை மறு காலின் தொடைமேல் போட்டுக்கொண்டு தூக்கிப் பார்க்கலாம்.

அடுத்தது புரண்டு படுப்பது. வலுவிழந்த கையை நல்ல கையால் மணிக்கட்டில் பிடித்து, இரண்டையும் மார்புக்கு நேராக நீட்டி, முழங்கால்களை மடக்கி, கை, தலை, முழங்கால் மூன்றையும் ஒன்றாக ஒரு பக்கம் திருப்பினால் உடல் கூடவே வரும். இரு பக்கமும் ஐந்தைந்து முறை. வலுவிழந்த பக்கம் படுக்கும்போது தோளை உடலுக்கு அடியில் மாட்ட விடாமல் முன்னால் இழுத்து விட வேண்டும். இழுக்கும்போது தோள்பட்டை எலும்பின் பின்பக்கம் கை கொடுத்து நகர்த்துங்கள்.

கைகளைக் கோத்துத் தலைக்கு மேல் தூக்கும் பயிற்சியைப் பலர் தாமாகவே செய்கிறார்கள். தோள்பட்டை எலும்பு கூடவே சுழலாத நிலையில் கையை மட்டும் மேலே தள்ளினால், மூட்டுக்குள் தசைநாண்கள் நசுங்கும். பிசியோதெரபிஸ்ட் அனுமதிக்கும் வரை தோள் உயரத்தோடு நிறுத்துங்கள். கயிறும் கப்பியும் கட்டி நல்ல கையால் மறு கையை மேலே இழுப்பதை அடியோடு தவிர்க்க வேண்டும்.

உட்கார்ந்து

படுக்கை ஓரத்தில், பாதங்கள் தரையில் முழுதாகப் படிய, இடுப்பும் முழங்காலும் செங்கோணத்தில் இருக்கும்படி உட்கார வேண்டும். பாதம் தொங்கினால் இந்தப் பயிற்சியில் பாதிப் பலன் போய்விடும், காரணம் உட்கார்ந்த சமநிலையையும் கால்கள்தான் தாங்குகின்றன. முன்னால் ஒரு கண்ணாடி இருந்தால், இரண்டு தோள்களும் ஒரே உயரத்தில் உள்ளனவா என்று அவரே பார்த்துக்கொள்ளலாம்.

கைப்பிடி இல்லாமல் ஒரு நிமிடம் உட்கார முடிந்ததும் எட்டி எடுக்கும் பயிற்சியைத் தொடங்குங்கள். ஒரு டம்ளரை நல்ல கையின் நீளத்தைவிட ஒரு சாண் அதிக தூரத்தில் வையுங்கள். முதலில் நேர் எதிரே, பிறகு நல்ல பக்கம், பிறகு வலுவிழந்த பக்கத்துக் குறுக்கே. கை நீளத்துக்குள் வைத்தால் கை மட்டும் நீளும், உடல் அசையாது. தாண்டி வைத்தால்தான் இடுப்பு சாய்ந்து, பாதம் தரையை அழுத்தும். வலுவிழந்த பக்கத்துக் குறுக்கே எட்டும்போது அந்தப் பாதம் அழுத்துகிறதா என்று உதவுபவர் அவர் முழங்காலில் கை வைத்து உணரலாம். ஒவ்வொரு திசைக்கும் 10 முறை.

எடை நல்ல பக்கம் போவதற்கு நேர்மாறான சிக்கல் சிலரிடம் இருக்கும். நல்ல கையாலும் காலாலும் தம்மை வலுவிழந்த பக்கமாகவே தள்ளிக்கொள்வார்கள். நிமிர்த்தினால் விழப்போவதாகப் பயந்து இன்னும் பலமாகத் தள்ளுவார்கள். எது செங்குத்து என்று மூளை கணிப்பதில் வந்த பிழை அது. அவர் வேண்டுமென்றே செய்வதில்லை. எதிர்த்துத் தள்ளுவதால் பயனில்லை. கதவு நிலையின் செங்குத்துக் கோட்டைக் காட்டி "இதோடு உங்கள் உடம்பை ஒட்டிப் பாருங்கள்" என்று கேளுங்கள். நல்ல கையை மடியில் வைக்கச் சொல்லி, நல்ல பக்கத்துச் சுவரைத் தோளால் தொட்டுவரச் சொல்லுங்கள். தானாக நகர்ந்து தொடும்போது பயம் குறையும். பெரும்பாலோருக்கு இது சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் மட்டுப்படும்.

எழுந்திருத்தலும் உட்காருதலும்

ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். தொடை, பிட்டம், கெண்டைக்கால் மூன்றும் ஒன்றாக வேலை செய்வதும், எடையை முன்னுக்கும் மேலுக்கும் கொண்டுபோகும் சமநிலையும் இந்த ஓர் அசைவில் இருக்கின்றன. கழிப்பறைக்குத் தனியாகப் போய்வர முடியுமா என்பதும் பெரும்பாலும் இதைப் பொறுத்ததுதான்.

1. இருக்கையின் முன்பாதிக்கு நகர்ந்து வாருங்கள். இடமும் வலமும் மாறி மாறி இடுப்பை அசைத்து நகர வேண்டும், சறுக்கக் கூடாது.
2. இரண்டு பாதங்களையும் முழங்காலுக்கு நேர் கீழிருந்து சுமார் 10 செ.மீ. பின்னால் இழுங்கள். குதிகால் தரையில் படிந்திருக்க வேண்டும்.
3. கைகளைக் கோத்து முன்னால் நீட்டுங்கள்.
4. முதுகை வளைக்காமல், இடுப்பிலிருந்து முன்னால் சாயுங்கள். மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும் வரை சாய வேண்டும்.
5. இரண்டு குதிகால்களையும் அழுத்தி எழுந்திருங்கள்.
6. நிமிர்ந்து மூன்று எண்ணும் வரை நில்லுங்கள்.
7. நான்கு எண்ணிக்கொண்டே, மீண்டும் முன்னால் சாய்ந்தபடி மெதுவாக உட்காருங்கள்.

தொடக்கத்தில் 45 செ.மீ. இருக்கை கடினமாக இருக்கும். அழுத்தினால் அமுங்காத அட்டை அல்லது மெத்தையை வைத்து 55 செ.மீ. வரை உயர்த்துங்கள். தொடர்ந்து 10 முறை கை ஊன்றாமல் எழ முடிந்ததும் இரண்டு அல்லது மூன்று செ.மீ. இறக்குங்கள். முதல் வாரம் ஐந்து முறை வீதம் மூன்று தவணை. பிறகு ஏற்றிக்கொண்டே போய், நாள் முழுவதும் சேர்த்து 50 முறை என்ற அளவை எட்டப் பாருங்கள். ஒரே மூச்சில் அல்ல, காலை, மதியம், மாலை என்று பிரித்துச் செய்யுங்கள்.

பாதி எழுந்து பொத்தென்று பின்னால் விழுந்தால், பாதங்கள் முன்னால் தள்ளி இருக்கின்றன, அல்லது உடல் போதிய அளவு முன்னால் சாயவில்லை. முன்னால் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில்தான் பலர் சாயத் தயங்குகிறார்கள். எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு, கோத்த கைகளை அதன்மேல் முன்னால் தள்ளிக்கொண்டே எழச் சொன்னால் பயம் போய்விடும். குதிகால் எழும்பினால் கெண்டைக்கால் இறுகியிருக்கிறது என்று அர்த்தம். பாதத்தைச் சற்று முன்னால் வைத்துத் தொடங்கி, இறுக்கத்தைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். நின்றதும் முழங்கால் மடிந்தால் உதவுபவர் தன் முழங்காலால் முன்பக்கம் தாங்கல் கொடுக்க வேண்டும். முழங்கால் பின்னுக்கு வெடுக்கென்று போய்ப் பூட்டிக்கொண்டால் அதுவும் தவறே. அப்படி நிற்பது வசதியாகத் தோன்றும், ஆனால் தசைக்கு வேலையில்லாமல் போய் மூட்டின் பின்பக்கத் தசைநார்கள் நாளடைவில் இழுபட்டுவிடும். "முழங்காலை ஒரு இம்மி தளர்த்துங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருங்கள்.

எடை உண்மையில் எங்கே போகிறது என்பதை ஊகிக்க வேண்டாம். எடை பார்க்கும் இயந்திரங்கள் இரண்டைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, மேடையைத் தொட்டபடி காலுக்கு ஒன்றாக நிற்கச் செய்யுங்கள். 70 கிலோ எடையுள்ளவருக்கு ஒன்று 50-உம் மற்றது 20-உம் காட்டினால், நேராக நிற்பதாக அவர் நினைப்பது நேரல்ல. எண்ணைப் பார்த்துக்கொண்டே இரண்டையும் 35-ஐ நோக்கிக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஓரளவு சமமானதும், நாற்காலிப் பயிற்சியில் நல்ல பாதத்தை ஒரு பாத நீளம் முன்னால் வைத்துவிடுங்கள். பின்னால் இருக்கும் வலுவிழந்த கால்தான் அப்போது உந்தி எழுப்ப வேண்டியிருக்கும். கடினமாகத்தான் இருக்கும். ஐந்து முறை போதும்.

நின்று

இரண்டு சுவர்கள் சேரும் மூலையில், முதுகு மூலையைப் பார்க்க ஒரு சாண் தள்ளி நிற்க வேண்டும். எதிரே நாற்காலியின் முதுகுப் பலகை. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஏதோ ஒன்று தாங்கும். பாதங்களை இடுப்பகலத்தில் வைத்து 30 விநாடி நிற்க முடிந்ததும் பாதங்களை ஒட்டி வையுங்கள். அதற்கடுத்து ஒரு பாதத்தை அரைப் பாத நீளம் முன்னால், கடைசியாக ஒன்றின் பின் ஒன்றாக நேர்க்கோட்டில். கடைசி நிலையில் 10 விநாடி நின்றாலே நல்ல முன்னேற்றம்.

கைத் தாங்கலையும் இப்படித்தான் குறைக்க வேண்டும். முதலில் உள்ளங்கை, பிறகு விரல்நுனிகள், பிறகு ஒற்றை விரல், கடைசியில் கை மேடைக்கு மேல் ஒரு அங்குலம் மிதந்தபடி. பாதத்தின் நிலையையும் கைத் தாங்கலையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். இரண்டையும் மாற்றித் தடுமாறினால் எதனால் என்று தெரியாமல் போகும்.

வலுவிழந்த காலுக்குப் பாரம் கொடுப்பதில் எளியதும் சிறந்ததும் படியைத் தட்டும் பயிற்சி. மேடையைப் பிடித்து, முன்னால் 10 செ.மீ. உயரப் பலகை ஒன்றைப் போட்டு, நல்ல பாதத்தை அதன்மேல் வைத்து எடுக்க வேண்டும். நல்ல கால் மேலே இருக்கும் அந்த நேரம் முழுவதும் உடலைச் சுமப்பது மறு கால். வலுவிழந்த காலைத் தூக்கிப் படியில் வைப்பதுதான் பயிற்சி என்று பலர் நினைத்து அதையே நூறு முறை செய்கிறார்கள். அது காலைத் தூக்கக் கற்றுக்கொடுக்கும், நிற்கக் கற்றுக்கொடுக்காது. இரண்டும் வேண்டும், நல்ல காலைத் தூக்குவது அதிகமாக இருக்கட்டும். 10 முறை, மூன்று தவணை. பாதத்தைப் படியில் "டொம்" என்று போடாமல் சத்தமின்றி வைக்கச் சொல்லுங்கள், நின்ற கால் அப்போதுதான் முழு நேரமும் வேலை செய்யும். இடுப்பு பக்கவாட்டில் துருத்தினால் படியின் உயரத்தைக் குறையுங்கள்.

மேடையோரம் பக்கவாட்டில் நடப்பது இடுப்பின் வெளிப்பக்கத் தசைக்கு நல்லது, இரு திசையிலும் ஐந்து நடை. குதிகால் உயர்த்துதல் 10 முறை. இரண்டும் வந்த பிறகு, நின்றபடி தலையை இடமும் வலமும் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். தலை அசைந்தவுடன் தடுமாறுகிறவர் தெருவைக் கடக்கத் தயாராகவில்லை.

கண்ணை மூடி நிற்பது கடைசிக் கட்டம். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் கண்ணை நம்பித்தான் நிற்கிறார்கள், மூடிய மறுநொடி சாய்வார்கள். மூலையில், பெல்ட்டைப் பிடித்தபடி ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். உணர்ச்சி குறைந்த கால் என்றால் தினமும் பயிற்சிக்குப் பின் பாதத்தில் கொப்புளம், சிராய்ப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காலில் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், சுட்டாலும் அவருக்குத் தெரியாது.

நடை

கைத்தடி நல்ல கையில் இருக்க வேண்டும். ஷூவோடு நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். பிடிக்கும்போது முழங்கை சற்று மடங்கியிருக்கும். தடி உயரமாக இருந்தால் தோள் தூக்கிக்கொள்ளும், குட்டையாக இருந்தால் உடல் அதன்மேல் சாய்ந்துவிடும். வரிசை இது: முதலில் தடி, அடுத்து வலுவிழந்த கால், அதன்பின் நல்ல கால். நான்கு கால் ஊன்றுகோல் உறுதியானது. ஆனால் அதன்மேல் எடையைக் கொட்டி நடக்கப் பழகிவிடுகிறார்கள். தேவைப்படும் வரை வைத்துக்கொண்டு, பிசியோதெரபிஸ்ட் சொன்னதும் சாதாரணத் தடிக்கு மாறுங்கள்.

முன்பாதம் தூக்க வராமல் தரையில் உரசினால், அதை ஈடுகட்ட இடுப்பைத் தூக்கிக் காலை வெளிவட்டமாகச் சுழற்றி வைப்பார்கள். "நேராக வையுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருப்பதால் அது மாறாது. கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டை அணிந்தால் பாதம் தரையில் தட்டாது, சுழற்ற வேண்டிய தேவையும் குறையும். அதைப் போட்டால் கால் சோம்பேறியாகிவிடும் என்ற பயம் வேண்டாம். விழாமல் அதிகமாக நடப்பதால் பயிற்சிதான் கூடுகிறது. முதல் நாட்களில் கழற்றியதும் தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். அரை மணி நேரத்தில் மறையாத சிவப்பு என்றால் பட்டையைத் திருத்தித் தரச் சொல்லுங்கள்.

திரும்பும்போதுதான் பலர் விழுகிறார்கள். ஒரு காலை ஊன்றி அதன்மேல் சுழலாமல், சின்னச் சின்ன அடிகளாக அரைவட்டம் போட்டுத் திரும்ப வேண்டும். நாற்காலிக்கு வந்ததும், காலின் பின்பக்கம் இருக்கையைத் தொட்ட பிறகே உட்கார வேண்டும். இன்னும் ஒரு அடி இருக்கும்போதே கையை நீட்டி எட்டிப் பிடிக்கும் அவசரம் ஆபத்து.

மாடிப்படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலுவிழந்த கால் முதலில். ஏறுகையில் உடலைத் தூக்குவதும், இறங்குகையில் மேலே நின்று தாங்குவதும் நல்ல காலின் பொறுப்பு. உதவுபவர் ஏறும்போது ஒரு படி பின்னால், இறங்கும்போது ஒரு படி கீழே முன்னால் நிற்க வேண்டும்.

முன்னேற்றத்தை அளக்க நாற்காலியிலிருந்து 3 மீட்டரில் ஒரு கோடு போடுங்கள். எழுந்து, வழக்கமான வேகத்தில் நடந்து, கோட்டில் திரும்பி, வந்து உட்கார ஆகும் நேரத்தை வாரம் ஒருமுறை, அதே நேரத்தில், அதே ஷூவோடு குறியுங்கள். 14 விநாடிக்கு மேல் ஆனால் விழும் வாய்ப்பு அதிகம் என்று பொதுவாகக் கொள்கிறார்கள். 10 மீட்டரை 25 விநாடிக்கு மேல் எடுத்து நடப்பவரின் நடமாட்டம் பெரும்பாலும் வீட்டுக்குள் அடங்கும். சுமார் 12 விநாடிக்குள் நடப்பவர் வெளியில் தாராளமாகப் போய்வரும் நிலையை எட்டியவர். பிசியோதெரபிஸ்ட் பயன்படுத்தும் பெர்க் சமநிலை அளவையில் 14 செயல்கள், மொத்தம் 56 மதிப்பெண். 45-க்குக் கீழே இருப்பவரைத் தனியாக விடும்போது கூடுதல் கவனம் வேண்டும். நடந்துகொண்டிருக்கும்போது ஏதாவது கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல அவர் நின்றுவிட்டால், நடை இன்னும் முழுக் கவனத்தையும் கேட்கிறது. கூட்டமான இடத்துக்கு அவசரப்பட வேண்டாம்.

கை

கையைக் கவனிக்காமல் விட்டால் அது மார்போடு மடங்கி இறுகி, நடையின் சமநிலையையும் கெடுக்கும். உட்கார்ந்திருக்கும்போது தொங்கவிடாமல் மேசையிலோ தலையணையிலோ வையுங்கள். மேடை முன் நிற்கும்போது உள்ளங்கையை விரித்து மேடையில் ஊன்றி லேசாக எடை கொடுக்கலாம். ரப்பர் பந்தைப் பிசைந்துகொண்டே இருப்பது பலர் சொல்லும் யோசனை. பெரும்பாலோருக்கு விரலை மடக்குவது முதலில் வந்துவிடும், விரிப்பதுதான் வராது. எனவே பிடித்ததை விடும் பயிற்சிக்கு அதிக நேரம் கொடுங்கள்: துணியை மேசையில் தள்ளி விரித்தல், டம்ளரைப் பிடித்து நகர்த்திவிட்டு விடுதல். மணிக்கட்டும் விரல்களும் ஓரளவு நிமிரத் தொடங்கியவருக்கு, நல்ல கைக்கு உறை மாட்டி மறு கையை வேலை வாங்கும் சிகிச்சை பலன் தரும். அதைப் பிசியோதெரபிஸ்ட் வகுத்துத் தரட்டும்.

எவ்வளவு, எத்தனை நாள்

பிரிட்டனில் 2023-இல் வெளியான வழிகாட்டு நெறிகள், பேச்சுப் பயிற்சி உட்பட எல்லாச் சிகிச்சையும் சேர்த்து நாளுக்கு 3 மணி நேரம், வாரத்தில் குறைந்தது 5 நாள் என்று பரிந்துரைக்கின்றன. வாரத்துக்கு இரண்டு முறை வந்து அரை மணி நேரம் செய்யவைக்கும் சிகிச்சை மட்டும் போதாது என்பது இதிலிருந்து தெரியும். மீதி வீட்டில்தான் நடக்க வேண்டும். 15 அல்லது 20 நிமிடத் தவணைகளாக நாளுக்கு நான்கு முறை என்பது பலரால் முடியும். பக்கவாதத்துக்குப் பின் வரும் அசதி சோம்பல் அல்ல. கடினமான பயிற்சியைக் காலையில், உறங்கி எழுந்த தெளிவோடு செய்துவிடுங்கள். அசந்த பிறகு செய்தால் அசைவு கோணலாகும், கோணலான அசைவே பதியும். மறுநாளும் அசதி விடாவிட்டால் எண்ணிக்கையை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள்.

வேகமான முன்னேற்றம் முதல் மூன்று மாதங்களில் தெரியும், ஆறு மாதத்துக்குப் பின் வேகம் குறையும். அப்போது பயிற்சியை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். ஆண்டுகள் கடந்தும் நடையும் சமநிலையும் மேம்பட முடியும். பயிற்சியை விட்டவரோ இருந்ததையும் இழப்பார்.

தசை விறைப்பு நாளுக்கு நாள் கூடினால், அதற்குத் தூண்டுதல் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, நகம் சதைக்குள் வளர்தல், இறுக்கமான ஷூ எல்லாமே விறைப்பை ஏற்றும். அவை இல்லை என்றால் மாத்திரை, ஊசி என்று வழிகள் உண்டு, மருத்துவரிடம் பேசுங்கள்.

விழுந்துவிட்டால்

பதறித் தூக்க வேண்டாம். தலையில் அடிபட்டிருக்கிறதா, இடுப்பில் வலி உண்டா, ஒரு கால் குட்டையாகவோ வெளிப்பக்கம் திரும்பியோ கிடக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஏதாவது இருந்தால் அசைக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

அடி ஒன்றும் இல்லையென்றால் ஒரு நிமிடம் மூச்சு சீராகட்டும். நல்ல பக்கமாகப் புரண்டு, நல்ல முழங்கையை ஊன்றி, பக்கவாட்டில் உட்கார வேண்டும். உறுதியான நாற்காலியை அவருக்கு முன்னால் கொண்டுவந்து வையுங்கள். நல்ல கையை இருக்கையில் ஊன்றி முட்டி போட்டு, நல்ல பாதத்தை முன்னால் தரையில் பதித்து, கையும் காலும் சேர்ந்து உந்த எழுந்து, திரும்பி நாற்காலியில் உட்கார வேண்டும். உதவுபவர் பெல்ட்டில் பிடித்து இடுப்பை வழிநடத்தினால் போதும். இதை விழுவதற்கு முன்பே, பாய் விரித்து, பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருக்க ஒருமுறை பழகி வையுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் தலையை இடித்துக்கொண்டால், வெளியே காயம் தெரியாவிட்டாலும், அவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும், உடனே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். எந்த மாத்திரை, கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்ற சீட்டு கையில் இருக்கட்டும்.